கையெழுத்து வைக்க முன்னம்

"வழக்கு ஒண்டும் வேண்டாமாம், ஐயா. நட்டஈடாய் ஏதோ தருவினமாம், கையெழுத்து வைக்கட்டாம்," என்றாள் திரேசம்மா. குறிகட்டுவான் இறங்குதுறையில் லோஞ்சுப் படகைக் கட்டும்போது அவள் கணவனின் கால் நசுங்கிப் போயிருந்தது.

ஊர்காவற்றுறையில் வழக்குப் பேசும் பிறக்கிராசி அம்பலவாணருக்கு வீட்டு முன்னறையே அதிரக் கோபம் வந்தது.

"ஒண்டிலும் கையெழுத்து வைக்காதையும்! அதுக்கு முதலே என்னட்டை வந்தது நல்லதாய்ப் போச்சு. வழக்கைப் போட்டால் முதலாளி வழிக்கு வருவார். லோஞ்சு ஆருடையது?"

திரேசம்மா தயங்கினாள்.

"உங்களுக்குச் சீதனமாய் வந்த லோஞ்சுதான், ஐயா. பாக்கிறது உங்கடை மச்சான். அவர்தான் கையெழுத்துக் கேட்டவர்."

அம்பலவாணர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப உமக்காக நான் வழக்குப் பேச ஏலாது. யாழ்ப்பாணத்திலை வேறை பிறக்கிராசியைப் பாரும்."

அவள் எழுந்தாள்.

"கையெழுத்து வைக்கக் கூடாதெண்டு ஐயா சொன்னது?"

அவர் மனைவி சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஓம். வைக்காதையும்."