தம்பி கொடுத்தது

காலை ஆறு மணிக்கே தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். உள்ளே நினைவில்லாமல் கிடந்த அண்ணன் அவனோடு பேசி வருடங்கள் ஆகியிருந்தன.

“நீங்க கொடுத்தாத்தான் உங்க அண்ணன் பிழைப்பார், தம்பி” என்றாள் அண்ணி.

“கத்தி வைக்கட்டும், அண்ணி. தழும்பு விழுந்தா என் அழகு ஒண்ணும் குறைஞ்சிடாது.”

அண்ணி பக்கத்தில் நின்ற டாக்டரைப் பார்த்தாள்.

“கத்தியே வேண்டாம்” என்றார் டாக்டர். “தொற்றுக்குக் கொடுத்த மருந்து அவர் குடல்ல இருந்த நல்ல பாக்டீரியாவையும் அழிச்சிடுச்சு. போன வாரமே உங்களைப் பரிசோதனை பண்ணிட்டோம், உங்க குடல்ல அது நிறைய இருக்கு. காலைக்கடனை இந்த டப்பாவில முடிச்சுக் கொடுங்க. கரைச்சு, வடிகட்டி, அவர் குடலுக்குள்ள செலுத்திடுவோம்.”

தம்பி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“என் கையால பச்சைத்தண்ணி கூட வாங்கமாட்டேன்னு சொல்லிட்டுப் போனவர். கண் முழிச்சுக் கேட்டா என்ன சொல்வீங்க, அண்ணி?”