ஆலங்கட்டிக்கு ஒதுங்கியவன்

பால்ட்ஸ் சொன்ன ஆலங்கட்டி மழைக் கதையை செவெரின் ரெக்லி ஒருநாளும் நம்பியதில்லை. வருஷக்கணக்கில் சந்தேகப்பட்டு, சந்தேகமே அவருக்கு ஒரு வேலையாகிவிட்டது.

கதை இவ்வளவுதான். செவெரின் காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்த கோடையில், மலைமேல் அவருடைய பாறைப் பிளவுக்குள் பால்ட்ஸ் மாட்லி நுழைந்ததை, மலைக்குடிலில் சமைக்கும் ஆக்னெஸ் தொலைநோக்கியில் பார்த்துவிட்டாள். ஊரே திரண்டு விசாரித்தது.

"ஆலங்கட்டி கொட்டிச்சு, ஒதுங்கினேன்" என்றார் பால்ட்ஸ்.

"குடில் பக்கம் ஒரு தூறல்கூட இல்ல. இவர் தலைக்கு மட்டும் தனியாக் கொட்டிச்சாமா?" என்றாள் ஆக்னெஸ்.

கோஷெனன் பள்ளத்தாக்கில் படிகம் தேடுகிறவர்களுக்குப் பூட்டும் கிடையாது, காவலும் கிடையாது. பிளவைக் கண்டுபிடித்தவன் தன் பெயரெழுத்து பொறித்த உளியை உள்ளே வைத்துவிட்டு வந்தால் போதும், அடுத்தவன் கை வைக்க மாட்டான். ஒரே நிபந்தனை, கோடைக்கு ஒருமுறையாவது உரியவன் தன் கையாலேயே அங்கே உடைக்க வேண்டும். ஒரு கோடை சும்மா போனால், பிளவு யாருக்கு வேண்டுமானாலும் சொந்தம்.

செவெரினுக்குத் தன் பிளவின் அடியில் ரோஜா நிற ஃப்ளோரைட், யாருக்கும் லேசில் அகப்படாத கல், இருக்கிறது என்று திடமான நம்பிக்கை. எப்போதோ நகத்தளவு சில்லு ஒன்று கிடைத்ததோடு சரி. அதற்காகவே தலை நரைக்கும்வரை உடைத்தார். முந்தின இலையுதிர் காலத்தில் மழுங்கிப்போன உளிகளை அங்கேயே போட்டுவிட்டு இறங்கியவர், ஜூன் மாதம் முதல் ஏற்றத்திலேயே சறுக்கி விழுந்தார். மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, பிளவு போச்சு, பிளவு போச்சு என்று சன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் ஆக்னெஸின் செய்தி வந்தது.

அதுவும் யார்? பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஆல்ட்டோர்ஃப் கல் சந்தையில் வருஷாவருஷம் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒரே தட்டில் சாசேஜ்.

அந்த வருஷச் சந்தையில் எல்லாருடைய கண்ணும் பால்ட்ஸின் மேசைமேல்தான். மங்கலான நாலைந்து படிகங்களைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. எல்லை தாண்டி இத்தாலியில் விற்றிருப்பான் என்று பேசிக்கொண்டார்கள். செவெரின் ஊன்றுகோலோடு போய், தன் மேசையை மண்டபத்தின் எதிர்மூலைக்கு மாற்றச் சொன்னார்.

பால்ட்ஸ் ஒன்றுதான் சொன்னார். "அங்க வெளிச்சம் கம்மிடா. கல்லு எடுபடாது."

மறு கோடையில் செவெரின் நொண்டிக்கொண்டே ஏறினார். யாரும் பிளவைப் பிடித்திருக்கவில்லை, அதுவே ஆச்சரியம். வாசலைப் பனிச்சரிவு துடைத்துவிட்டிருந்தது. உள்ளே போனால், அவர் நிறுத்திய இடத்துக்கு அப்பால் புது உளித்தடங்கள்.

"திருட்டுப் பய" என்று பாறையிடம் சொல்லிவிட்டு, அங்கேயே கிடந்த தன் பழைய உளியை எடுத்தார். முதல் அடிக்கே கல் பெயர்ந்தது. ஈரக் களிமண்ணை விரலால் வழித்தார். புகைநிறப் படிகத்தின் மேல், கைமுட்டி அளவில், எட்டு முகமும் மின்ன ரோஜா நிற ஃப்ளோரைட். செவெரின் அழுதேவிட்டார். அழுது முடிப்பதற்குள் அடுத்த நினைப்பு வந்தது. மிச்சமே இப்படி இருந்தால், அவன் கொண்டுபோனது எப்படி இருந்திருக்கும்?

சந்தையில் அதைப் பார்க்க வரிசை நின்றது. பால்ட்ஸும் வந்தார். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒரு சிராய்ப்புகூட இல்லாம எடுத்திருக்கடா."

"உனக்குக் கிடைச்சதும் இப்படித்தானா?"

"எனக்குக் கிடைச்சது ஆலங்கட்டி" என்று சிரித்துவிட்டு பால்ட்ஸ் காபி குடிக்கப் போய்விட்டார்.

அந்தச் சிரிப்புதான் செவெரினுக்கு ஆகவில்லை. வருஷாவருஷம் அந்தக் கல்லை மேசை நடுவில் வைப்பார். வருஷாவருஷம் எதிர்மூலையைப் பார்த்துப் பொருமுவார்.

இந்த வருஷம், மலைக்கு அப்பாலுள்ள வாலிஸ் பக்கத்துக்காரர் ஒருவர் கல்லுக்கு முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார்.

"நீங்கதானா ரெக்லி? உங்களைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை. உங்க கால் ஒடிஞ்சதாக் கேள்விப்பட்டு, அந்த செப்டம்பர்ல நாங்க மூணு பேர் ஏறினோம். பிளவு இனி நமக்குத்தான்னு பாடிக்கிட்டே போனோம். போய்ப் பார்த்தா வாசல்ல புதுசா உடைச்ச கல்லு குவிஞ்சு கெடக்கு. ஒத்தைக் கால்ல ஏறி வந்து உடைச்சிருக்கானே மனுஷன்னு, மூணு பேரும் கும்பிடு போட்டுட்டு இறங்கிட்டோம்."

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்த செவெரின், அப்படியே நிறுத்திக்கொண்டார். உடைத்தது தன் கை இல்லை என்று சொன்னால், பிளவு அன்றைக்கே கைவிட்டுப் போயிருக்க வேண்டியது என்றாகிவிடும். இத்தனை வருஷமாக எதிர்மூலையில் ஒருத்தர் வாய் திறக்காமல் இருந்ததும் அதற்காகத்தான் என்று உறைக்க அவருக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

வாலிஸ்காரருக்குக் கைகொடுத்து அனுப்பினார். கல்லைத் துணியில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். மேசையைத் தானே தூக்கிக்கொண்டு, கூட்டத்தை இடித்து, திட்டு வாங்கி, மண்டபத்தைக் கடந்தார். பால்ட்ஸ் நிமிர்ந்து பார்க்காமலே சாசேஜ் தட்டை நகர்த்தி இடம் விட்டார்.

"அங்க வெளிச்சம் கம்மிதான்" என்றார் செவெரின்.

"அதைத்தான் நான் அப்பவே சொன்னேன்."

செவெரின் ஒரு துண்டு சாசேஜை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்று விழுங்கிவிட்டுக் கேட்டார்.

"ஏன்டா பால்ட்ஸ், ஆலங்கட்டிக்கு ஒதுங்கினவன் என் மழுங்கின உளியை எதுக்குடா தீட்டி வச்ச?"