நீலப் பெட்டி, மஞ்சள் பெட்டி

நர்ஸ் கொண்டுவந்து வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. மெக்கானிக் அரை மணி நேரமாக அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தொடவில்லை.

"என்னய்யா, எப்பவும் வந்ததும் வராததுமா ரெண்டு டம்ளர் காலி பண்ணுவீங்க. அது போதாதுன்னு அம்மா வேற பையில பாட்டில் தூக்கிட்டு வருவாங்க. இன்னிக்கு வேண்டாமா?"

"ரெண்டு மாசமா தாகமே எடுக்கலம்மா."

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் மனைவி பக்கவாதத்தில் இறந்து இரண்டு மாதம் என்பது அந்த ஆராய்ச்சிப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். பேச்சை மாற்றுவதற்காக, மிச்ச மாத்திரைகளைக் கேட்டாள்.

அவர் துணிப்பையிலிருந்து இரண்டு மாத்திரை பாட்டில்களையும், ஏழு நாளைக்கு ஏழு அறை வைத்த இரண்டு பெட்டிகளையும் எடுத்து வைத்தார். நீலப் பெட்டி அவருடையது, மஞ்சள் மனைவியுடையது. "அவ போன அன்னியிலேர்ந்து தொறக்கலம்மா, அப்படியே இருக்கு" என்றார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அறுபதைத் தாண்டிய, நோய்நொடி இல்லாத ஆயிரம் பேருக்கு ஐந்து வருடம் தினம் ஒரு மாத்திரை. மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளாமல் அது காப்பாற்றுமா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்பது டாக்டருக்கே தெரியாது. இன்றைக்குத்தான் அதை எழுதி ஒட்டிவைத்த உறையைப் பிரிக்கிறார்கள்.

டாக்டரம்மா சின்ன வயது. உள்ளே வந்ததும் மெக்கானிக்கின் பரிசோதனைத் தாள்களைப் புரட்டினார்.

"நடை, கைப்பிடி பலம், ரத்தக்குழாய் எல்லாமே பிரமாதம். அம்பது வயசு ஆளுங்க உங்ககிட்ட தோத்துடுவாங்க ஐயா."

"என் கதை கிடக்கட்டும் டாக்டரம்மா. என் பாட்டில்ல என்ன இருந்துச்சு, அவ பாட்டில்ல என்ன இருந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

டாக்டர் உறையைப் பிரித்துப் படித்தார்.

"உங்களோடது நிஜ மருந்து. அம்மாவோடது... மாவுதான். மருந்து நல்லாவே வேலை செஞ்சிருக்கு ஐயா, அதுதான் எனக்கும் கஷ்டமா இருக்கு."

"அப்பாடா" என்றார் மெக்கானிக்.

டாக்டரும் நர்ஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

"நான் முப்பத்தஞ்சு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன். எதையும் கழட்டிப் பார்க்காம விட்டா எனக்குத் தூக்கம் வராது. முதல் வாரமே ரெண்டு மாத்திரையையும் கடிச்சுப் பார்த்தேன். என்னோடது ஒரே கசப்பு, அவளோடது சப்புன்னு இருந்துச்சு. அவ அம்மாவும் அக்காவும் மூளையில அடைச்சுத்தான் போனாங்க. அவளுக்குத்தானே மருந்து வேணும்? ஞாயித்துக்கிழமை பெட்டியை ரொப்புறது என் வேலை. என் பாட்டில் மாத்திரையை அவ மஞ்சள் பெட்டியில போட்டுட்டேன், அவளோடதை என் நீலத்துல. அஞ்சு வருஷமும் அப்படித்தான்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாளா? ஊரையே கூட்டியிருப்பா. நான் ரொப்பி வெச்சுட்டுக் குளிக்கப் போவேன். வந்து பார்த்தா ரெண்டு பெட்டியையும் தொறந்து உள்ளே வெளியே பளபளன்னு துடைச்சு வெச்சிருப்பா. அப்படி ஒரு சுத்தப் பைத்தியம். 'துடைச்சுத் துடைச்சே ஓட்டை போடப்போறே பாரு'ன்னு கிண்டல் பண்ணுவேன். சிரிச்சுக்குவா."

அவர் மடியில் விரல்களைக் கோத்துக்கொண்டார்.

"ஒருவேளை கசந்ததுதான் மாவோ, அவ வாயிலேர்ந்து நானே மருந்தைப் பிடுங்கிட்டேனோன்னு ரெண்டு மாசமா கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். அழக்கூட வரல. இல்லைன்னு ஆயிடுச்சு. கொடுத்தும் போயிட்டா, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? நீங்க என்னைத் திட்டுறதுன்னா திட்டிக்கங்க."

டாக்டர் கத்தப்போகிறார் என்றுதான் நர்ஸ் நினைத்தாள். அவர் கத்தவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தேடினார். தேடி எடுத்ததை இரண்டு தடவை படித்தார்.

"ஐயா, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உங்க ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தோமே, அதுல மருந்து இருக்கான்னும் பார்த்தோம். இத்தனை நாளா பூட்டி வெச்சிருந்த ரிப்போர்ட் இது. நீங்க மாத்திக் கொடுத்திருந்தா உங்க ரத்தத்துல மருந்தே இருக்கக் கூடாது."

"இருக்காது."

"பத்துத் தடவையும் இருக்கு ஐயா. வாய் வறண்டு வறண்டு தண்ணி குடிச்சீங்களே, அது இந்த மருந்து பண்ற வேலைதான். மாத்திரையை நிறுத்தினீங்க, தாகம் நின்னுடுச்சு."

மெக்கானிக்கின் பார்வை டம்ளருக்குப் போனது.

"அவ ரத்தத்துல?"

"ஒரு தடவைகூட இல்ல."

மெக்கானிக் மஞ்சள் பெட்டியைக் கையில் எடுத்தார். அதன் மூடியைக் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்தார். இரண்டு மாதமாக வராத அழுகை வந்தது.

"அடிப்பாவி, அதுக்குத்தான் துடைச்சியா?"