துணிக்கு இந்தப் பக்கம்

பாடை தயாராகிவிட்டது. வழிதான் இல்லை.

நேற்று வரை சந்து முனையில் சாலை இருந்தது. இன்று காலை அங்கே பச்சைத் துணி. சவுக்குக் கம்பு நட்டு, ஆள் உயரத்துக்கு மேல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். வெளிநாட்டு விருந்தாளிகள் நகரத்தைப் பார்க்க வருகிறார்களாம்.

நகரம் என்றால் துணிக்கு அந்தப் பக்கம்.

அவள் கணவனின் தலைமாட்டில் நின்றாள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து வெகுநேரம் ஆகிவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் மூக்கோரம் ஈ உட்கார்ந்தது. முந்தானையால் விரட்டினாள். திரும்பவும் வந்தது.

மாநகராட்சி அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே பேசினார்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா, வண்டிங்க போயிடட்டும். மேளம் வேணாம். ரோட்ல பூ போட்டுடாதீங்க, இப்பதான் கூட்டி வச்சிருக்கு."

கூட்டியது இந்தச் சந்துப் பெண்கள்தான். விடியலில் துடைப்பத்தோடு போனபோது அவர்களுக்கு வழி இருந்தது.

அந்தப் பக்கம் பாண்டு வாத்தியம் முழங்கியது. கார்கள் போயின. யாரோ கைதட்டினார்கள்.

காற்றில் துணி உப்பிக்கொண்டு வந்து அவள் கணவனின் பாதத்தில் உரசியது.

அவளுக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. பிணத்தின் முன் துப்பக் கூடாதென்று விழுங்கிக்கொண்டாள்.

கடைசிக் காரும் போன பிறகு கயிற்றை அவிழ்த்தார்கள், ஒரு பாடை போகும் அளவுக்கு மட்டும்.

பெண்கள் சந்து முனை வரைதான். இனி அவனை ஆண்கள் தூக்கிப் போய்விடுவார்கள். அவள் அவன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் குனிந்தாள்.

குறுக்கே ஒரு ரோஜா மாலை நீண்டது.

"விருந்தாளிங்களுக்கு வாங்கினதும்மா, மிச்சமாயிடுச்சு. வீணாத்தான் போகும். அவருக்குப் போடுங்க."

அதிகாரி மனதாரத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியாத அருவருப்பாக இருந்தது.

அவள் மாலையை வாங்கிக்கொண்டாள். அவள் போடுவதற்கு வசதியாகக் கொழுந்தன் அண்ணனின் தலையைத் தூக்கிப் பிடித்தான்.

அவள் பாடையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அதிகாரியின் கழுத்தில் மாலையைப் போட்டாள். ஒரு பக்கம் சரிந்திருந்ததை இழுத்துச் சரிசெய்தாள்.

பிறகு அவர் காலடியில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு, ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள்.

சந்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, ஒவ்வொருவராக வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.