ஆள் அசைந்தால் எரியும்

"ஏங்க, திருப்பத்துக்கு வந்துட்டேன். இதுக்கு மேல ஒண்ணும் தெரியல. கொஞ்சம் தெருமுனை வரைக்கும் வாங்களேன்."

"இப்ப வர முடியாது. நீ பாட்டுக்கு நேரா வா" என்றது டார்ச் இல்லாத அவளது பழைய கைப்பேசியில் கணவரின் குரல்.

மருந்துக்கடையைச் சாத்திவிட்டு தினமும் இந்த வழியாகத்தான் அவள் நடந்து வருவாள். புது மனைப்பிரிவு. பத்து மனைக்கு ஒரு வீடு; மீதியெல்லாம் புதரும் செங்கல் குவியலும். போன வாரம் வரை தெரு நெடுக விளக்கு எரிந்தது. இந்த வாரம் பாதி விளக்குகளைக் கழற்றியாகிவிட்டது; திருப்பத்தை ஒட்டிய பகுதியில் ஒன்றுகூட இல்லை. மிச்சமிருப்பவை புத்தியுள்ள விளக்குகள். கீழே ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் அணையும்.

இந்தத் திட்டத்தின் தந்தை, குடியிருப்போர் சங்கத் தலைவர். அதாவது, இப்போது கைப்பேசியில் பேசிக்கொண்டிருப்பவர்.

"என்னங்க, குரல் பானைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு?"

"குளியலறையில இருக்கேன்."

"அங்கயும் போனைக் கொண்டுட்டுப் போவீங்களா?"

"தலைவர்னா நாலு பேர் கூப்பிடத்தான் செய்வாங்க."

சங்கக் கூட்டத்தில் கடைசி வீட்டுக்காரர் எழுந்து, "நடந்து போறவங்க கதி என்னங்க?" என்று கேட்டபோது தலைவர் மைக்கை வாயருகே இழுத்துச் சிரித்தார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்! மின்சாரம் மிச்சம், பறவைக்குத் தூக்கம், நமக்கு நட்சத்திரம். கண்ணைத் திறந்து நடக்கிறவன் எந்த இருட்டுலயும் விழமாட்டான்." கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நாளைக்கு நகராட்சியிலிருந்து வந்து பாராட்டுப் பத்திரம் வேறு தரப்போகிறார்கள்.

"நட்சத்திரம் தெரியுதா?" என்றது குரல், இப்போதும் கொஞ்சம் பெருமையோடு.

"தெரியுது. என் கால்தான் தெரியல."

"சரி, சொல்றதைக் கேளு. வலது ஓரமாவே வா. பாதி கட்டின சுவரைத் தாண்டினதும் இடது பக்கம் குழாய் பதிக்கத் தோண்டின பள்ளம். ஆள் உயரம். அந்தப் பக்கமே போகாத."

"காலையில தடுப்பு வெச்சிருந்தாங்களே?"

"சாஞ்சு கிடக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தலைவருக்குத் தெரியாம இங்க ஒரு செங்கல்கூட நகராது."

அவள் காலால் தரையைத் துழாவித் துழாவி நடந்தாள். எதன் மேலோ செருப்பு இடறியது. புதருக்குள் ஏதோ சரசரத்தது. அப்போது தூரத்தில் ஒரு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அவள் நின்றாள். விளக்கடியில் யாரும் இல்லை. வெறும் தெரு. விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது.

"ஏங்க... முன்னாடி ஒரு விளக்கு எரிஞ்சு எரிஞ்சு அணையுது. ஆளே இல்ல. கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போறதா? என் திட்டத்துலயா?" தலைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆள் அசையாம அது எரியவே எரியாது!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "பூனையா இருக்கும்" என்றார் சன்னமாக.

"பூனை நாய்க்கெல்லாம் எரியாதுன்னு மைக்கைப் பிடிச்சுச் சொன்னது யாரு? அப்படின்னா அங்க யாரோ பதுங்கியிருக்கான்."

கைப்பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"நான் வரல. திரும்பிப் போய் மெயின் ரோட்டுல ஆட்டோ பிடிச்சுக்கிறேன்."

"ஆட்டோவா? ஐயோ, வேண்டவே வேண்டாம்!" குரல் அலறியது. "ஹெட்லைட்டைப் போட்டுக்கிட்டு வருவான். நீ அந்த விளக்கைப் பாத்தே வா. பயப்படாத."

"பொண்டாட்டி உசிரைவிடத் திட்டம் பெரிசாப் போச்சு உங்களுக்கு. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நட்சத்திரத்தை எண்ணிக்கிட்டு உக்காருங்க."

"ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல?"

"எங்க இருக்கீங்க? குளியலறையில!"

திரும்பிப் பார்த்தாள். வந்த வழி முன்னால் இருந்ததைவிட இருட்டாக இருந்தது. வேறு வழியில்லாமல் அந்த விளக்கைப் பார்த்தே நடந்தாள். அது அணையும்போதெல்லாம் நின்றாள். எரியும்போது நாலடி வைத்தாள். பாதிச் சுவர் கைக்குத் தட்டுப்பட்டது. விளக்கு மறுபடி அணைந்தது.

பின்னாலிருந்து, முகப்பு விளக்கில்லாத ஒரு பைக் அவளை உரசிக்கொண்டு பறந்து பக்கத்துத் தெருவில் திரும்பி மறைந்தது. அலறியபடி அவள் இடது பக்கம் துள்ளி ஒதுங்கினாள். காலுக்குக் கீழே மண் பொலபொலவென்று சரிந்தது.

"பின்னால போ! பின்னால போ! மண்ணெல்லாம் என் தலையில கொட்டுது!"

குரல் இரண்டு இடத்திலிருந்து கேட்டது. ஒன்று காதுக்குள், இன்னொன்று காலடியில்.

பள்ளத்திலிருந்து சேறு பூசிய ஒரு கை எழுந்து ஆடியது; விளக்கு எரிந்தது. "கத்தித் தொலைக்காத. உன்னைக் கூட்டிட்டு வரத்தான் கிளம்பினேன், நீ வர்ற வரைக்கும் வெளிச்சம் இருக்கட்டுமேன்னு கையை ஆட்டிக்கிட்டே நிக்கிறேன்" என்றார் தலைவர், "ஓடிப்போய் வீட்டுல இருக்கிற ஏணியை எடுத்துட்டு வா. டார்ச் மட்டும் வேண்டாம், யாராவது பாத்துடப்போறாங்க."