சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?

வயிற்றைப் பிடித்துக்கொண்டே கழிவறையிலிருந்து வெளியே வந்தார் லெட்சுமணன். "இன்னும் நிக்கல," என்று முனகியபடி நாற்காலியில் சாய்ந்தார்.

மனைவி ராசம்மாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. அவர் காலில் புண் பழுத்ததற்கு கிளினிக்கில் ஆண்டிபயாட்டிக் கொடுத்தார்கள். புண் ஆறிக்கொண்டு வந்தது, வயிறு கெட்டுப்போனது. வயிற்றுக்கு நல்ல கிருமி வேண்டுமென்று பத்து பாகாட் டவுனில் புரோபயாட்டிக் மாத்திரை வாங்கி வந்தாள். அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று.

"சாப்பிட்டதும் போடுங்கன்னு எத்தன தடவ சொல்றது? வெறும் வயித்துல போட்டா எப்படி நிக்கும்?"

"லோஷினி முன்னாடின்னு சொல்லுது. பின்னாடி போட்டா வேஸ்ட்டாம்."

மகள் பெயரைக் கேட்டதும் ராசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேதக்காரப் பையன் யூஜினைக் கட்டிக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் போனவள் அவள். தேவாலயத்தில் நடந்த கல்யாணத்துக்கு லெட்சுமணன் மட்டும்தான் போனார். தாயும் மகளும் பேசி இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இப்போது அப்பாவின் வயிற்றைக் கேட்டு மகள் தினமும் போன் செய்கிறாள். லெட்சுமணன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அவள் சொன்னதை இவளிடமும் இவள் சொன்னதை அவளிடமும் ஒப்பிப்பார். அதையும் தப்புத் தப்பாக.

"லோஷினி, அம்மா என்ன சொல்லுதுன்னா, ஆண்டிபயாட்டிக்கையும் இதையும் சேத்தே முழுங்கணுமாம்."

"அலமாக்! நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" ராசம்மா போனைப் பிடுங்கினாள். "ஏய், நான் அப்படிச் சொல்லவே இல்ல. சாப்பாட்டுக்குப் பின்னாடின்னுதான் சொன்னேன்!"

"பின்னாடி இல்லம்மா, முன்னாடி," என்றாள் லோஷினி. "அந்த மாத்திரைக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேணும். சூடான காப்பியோட குடுக்காதீங்க, கிருமி செத்துடும்."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

அதற்குப் பிறகு தினமும் சண்டைதான். முன்னாடி, பின்னாடி என்று இரண்டு பேரும் தொண்டை வறளக் கத்துவார்கள். ஆத்திரத்தோடு போனை வைத்துவிட்டு ராசம்மா திரும்பினால், வைத்த கஞ்சி ஆறிக்கிடக்கும். லெட்சுமணன் கடையில் வாங்கிய நாசி லெமாக் சோற்றில் காரச் சம்பாலை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கேட்டால், வயிறு மட்டும் இன்னும் சரியாகவில்லை என்பார்.

"போன்ல கத்தி ஒண்ணும் ஆகாது, நேர்லயே வரேன்," என்றாள் லோஷினி ஒருநாள்.

ஞாயிற்றுக்கிழமை யூஜினோடு வந்து இறங்கினாள். ராசம்மா அவன் முகத்தைப் பார்க்காமலே "உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். லோஷினி மருந்துக் குப்பியோடு பின்னாலேயே வந்தாள். இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட அதில் ஒட்டியிருந்த பொடி எழுத்தைப் படித்தார்கள். சாப்பாட்டுக்குச் சற்று முன், அல்லது சாப்பாட்டோடு என்று போட்டிருந்தது.

"பாத்தியா, சாப்பாட்டோடன்னு இருக்கு."

"முன்னாடின்னும் இருக்கேம்மா!"

மகளை ராசம்மா அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள். எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்கு விடியுமுன்னே ஓடி ஓடிக் கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. "சாப்பிட்டியா இல்லையா?" கேட்கவே கூடாது என்று இருந்தவளின் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

தட்டில் இரண்டு கோப்பை காப்பியோடு முன்னறைக்கு நடந்தவள், திரைச்சீலைக்கு இந்தப் பக்கமே நின்றாள். யூஜின் பேசிக்கொண்டிருந்தான்.

"மாமா, வயிறு இப்ப எப்படி இருக்கு?"

"அது எப்பவோ நின்னுபோச்சு லா," என்றார் லெட்சுமணன் கிசுகிசுப்பாக. "மெதுவாப் பேசு, அத்த காதுல விழப்போவுது."

எத்தனை நாள் கஞ்சி காய்ச்சினாள்! எத்தனை வேண்டுதல், எத்தனை கத்தல்! காப்பியை அப்படியே அந்த மனுஷன் தலையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது.

பின்னால் அடுப்படியில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. "ம்மா, கொழம்புக்கு உப்பு போட்டாச்சா?"

ராசம்மா சத்தமில்லாமல் அடுப்படிக்குத் திரும்பினாள்.

"காப்பி குடுக்கலயா? அப்பா என்னம்மா சொல்றாரு?"

ராசம்மா தட்டை மேசையில் வைத்தாள்.

"இன்னும் சரியாகலயாம். அடுத்த ஞாயித்துக்கிழமையும் ரெண்டு பேரும் வந்து பாத்துட்டுப் போங்க."