பாரம் இழுத்த இரண்டு கதவுக் கார்

மலைப்பாதையில் பழுதாகி நின்ற குட்டி வேனை, பழங்காலத்து இரண்டு கதவுக் கார் ஒன்று கயிறு கட்டி மேலே இழுத்துப் போனது. நடுவில் மாட்டிக்கொண்டது கயிறுதான். அதன் மூன்று புரிகளில் ஒன்று கிளம்பும்போதே அறுந்துவிட்டது.

"அண்ணாச்சி, ஒரே சீரா இழுங்க. வெட்டி வெட்டி இழுத்தா நான் தாங்க மாட்டேன்," என்று கெஞ்சியது கயிறு.

"நான் பாக்காத பாரமாடா? பேசாம வா," என்றது கார்.

வளைவில் நின்ற சுற்றுலாக்காரர்கள் செல்போனைத் தூக்கினார்கள். கார் உடனே டர்ர்ரென்று உறுமி ஒரு வெட்டு வெட்டியது. இரண்டாவது புரியும் போனது.

"இனி ஒண்ணுதான் மிச்சம் அண்ணாச்சி. வேனுக்குப் பின்னால பள்ளம் இருக்கு."

"எண்ணே, மெதுவாண்ணே," என்று வேனும் கெஞ்சியது.

"போட்டோ எடுக்கிறப்ப நொண்டிக்கிட்டா போவாங்க?"

அடுத்த வளைவில் இன்னும் பெரிய கூட்டம். கார் மறுபடி வெட்டியது. கயிறு படாரென்று அறுந்தது. வேன் அலறிக்கொண்டே பின்னோக்கி உருண்டு, பள்ளத்தின் விளிம்பில் இருந்த பாறையில் முட்டி நின்றது.

"நில்லுங்க அண்ணாச்சி, நில்லுங்க," என்று தரையில் இழுபட்டபடி கத்தியது பாதிக் கயிறு.

கார் ஜம்மென்று ஏறிக்கொண்டிருந்தது.

"எதுக்குடா நிக்கணும்? இப்பத்தான் பழைய பலம் வந்திருக்கு. பாரமே தெரியல."